பழைய மோட்டார் வண்டிகளில் நீர்க் கசிவு: கண்டறிதலும் திருத்துதலும்

வன்னியிலே கமக்காரரின் முற்றங்களில் நிற்கும் மோட்டார் வண்டிகளுட் சில, அவற்றை ஓட்டுவோரிலும் வயது முதிர்ந்தவை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 முதலிய கார்களும், பெர்குசன், மெசி பெர்குசன் உழவு இயந்திரங்களும் இவ்வகையின. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் இக்கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. 2009 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டு, வெயிலிலும் மழையிலும் கிடந்து, பின்னர் மீட்கப்பட்ட வண்டிகளும் உள. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே அது மீளத் திறக்கப்பட்டது. திறக்கப்பட்ட பின்னரும் புதிய வண்டியின் விலை நெல்லும் மரக்கறியும் விற்று வாழ்வோருக்கு எட்டும் விலையன்று. ஆகவே உள்ளதைப் பேணிக் காத்தலே வழியாகும்.

இவ்வண்டிகளிற் பெரிதும் காணப்படும் குறை யாதெனில், றேடியேற்றரில் ஊற்றிய நீர் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைதலாம். வண்டியின் கீழே ஈரம் தெரிவதில்லை. உரிமையாளர் காலையில் ஒரு போத்தல் நீரை ஊற்றிவிட்டுப் புறப்படுகிறார். இவ்வழக்கம் மாதக் கணக்கில் நீடிக்கிறது. நீர் ஊற்றுதலைத் திருத்தம் எனக் கொள்வதே தவறு. கசிவு ஒருபோதும் தானாக நிற்பதில்லை. அது பெருகும் நாளோ பெரும்பாலும் காலபோக நெல்லை ஏற்றிய நாளாகவோ, கத்தரிக்காயும் பயற்றங்காயும் நிரம்பிய மூடைகளுடன் சந்தைக்குச் செல்லும் விடியற்காலையாகவோ அமைகிறது. பாரமும் வெப்பமும் கூடிய வேளையிலேயே எஞ்சினுக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படுதல் இதற்குக் காரணம்.

மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சினும் றேடியேற்றரும் சேர்ந்து ஏறக்குறைய 5 லீற்றர் நீரையே கொள்ளும். இதில் இரண்டு லீற்றர் குறைந்தால் சிலிண்டர்த் தலையின் மேற்பகுதியில் நீருக்குப் பதிலாக நீராவி நிற்கும். அவ்விடத்து இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறி வளையும். தலைக்கும் எஞ்சின் பெட்டிக்கும் இடையேயுள்ள காஸ்கற் எரியும். வெப்பமானியின் ஊசி உயரவில்லையே என்று நம்பியிருத்தலும் கூடாது. வெப்பத்தை உணரும் குமிழ் நீரில் மூழ்கியிருந்தாற்றான் ஊசி சரியாகக் காட்டும். நீர் வற்றி அது வெறுமையில் நிற்குமாயின், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே ஊசி தாழ்ந்து நிற்கலாம்.

1948 முதல் 1953 வரை பக்க வால்வு எஞ்சினுடன் வெளிவந்த மொறிஸ் மைனர் கார்கள் பலவற்றில் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றிற்குத் தண்ணீர்ப் பம்பு இல்லை. சூடான நீர் மேலெழுதலும் குளிர்ந்த நீர் கீழிறங்குதலுமாகிய இயற்கைச் சுற்றோட்டமே எஞ்சினைக் குளிர்விக்கிறது. றேடியேற்றரின் மேற்றொட்டியில் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே சென்றவுடன் அச்சுற்றோட்டம் அறுந்துவிடும்.

கசிவுதானா என அறிதல்

நீர் குறைவதெல்லாம் கசிவன்று. இரு சக்கர உழவு இயந்திரங்களிற் சிலவற்றில் றேடியேற்றர் இல்லை. எஞ்சினின் மேல் ஒரு திறந்த நீர்த்தொட்டியே உண்டு. அந்நீர் கொதித்து ஆவியாதலினாலேயே அவ்வெஞ்சின் குளிர்கிறது. அங்கே நீர் குறைதல் இயந்திரத்தின் இயல்பு. கசிவைத் தேடி அதனைக் கழற்றுதல் வீண் வேலை. தொட்டியை நிரப்பிக்கொண்டிருத்தலே போதும்.

பழைய கார்களில் வேறொரு மயக்கமும் உண்டு. இக்கால வண்டிகளிற் போல மிகைநீரை ஏற்கும் தனிப் போத்தல் அவற்றிற்கு இல்லை. 30 பாகை சதமளவில் உள்ள 5 லீற்றர் நீர் 90 பாகைக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 150 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையளவு, பெருகும். றேடியேற்றரைக் கழுத்துவரை நிரப்பினால் அப்பெருக்கம் வழிவு குழாயினூடாக நிலத்திற் சிந்தும். மறுநாட் காலையில் மட்டம் குறைந்திருப்பதைக் கண்டு மீண்டும் கழுத்துவரை நிரப்பினால் அது மீண்டும் சிந்தும். கழுத்திலிருந்து ஓர் அங்குலம் தாழ நிரப்பி விட்டுவிடுதல் வேண்டும். மட்டம் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் கசிவு இல்லை.

நிலைத்து நில்லாது தொடர்ந்து குறையுமாயின் அளந்து பார்த்தல் நன்று. 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றும் ஒரு கொப்பியும் போதும். பத்து நாட்களுக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், ஊற்றிய அளவையும் முதல்நாள் ஓடிய தூரத்தையும் எழுதிவைக்க வேண்டும். ஓடாத நாளிலும் நீர் குறைந்தால் கசிவு வெளியே, எஞ்சின் குளிர்ந்த நிலையிலும் திறந்திருக்கும் இடத்தில் உள்ளது. ஓடிய நாளில் மட்டும் குறைந்தால், அழுத்தம் ஏறியபின் திறக்கும் வெடிப்பையோ, மூடியையோ, காஸ்கற்றையோ ஐயுறுதல் வேண்டும். அளவு வாரத்துக்கு வாரம் கூடினால் அறுவடை வரை காத்திருத்தல் தகாது.

கசியும் இடத்தைக் காணல்

சூடான எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது. மூடியின் அழுத்தம் விலகியதும் உள்ளேயுள்ள நீர் ஒரேயடியாகக் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைக்கும். மேற்குழாயைக் கையாற் பற்றிப் பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பின்னரே, தடித்த சாக்கை மடித்து மூடியின் மேலிட்டு, முதற் படிவரை மெல்லத் திருப்பி ஆவியைப் போக்கிவிட்டுத் திறத்தல் வேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது.

ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று கொள்ளலாகாது. ஓடும் வண்டியில் விசிறியின் காற்று நீரைப் பின்னோக்கித் தள்ளும். சொட்டு எஞ்சினின் வழியே ஓடி வேறோர் இடத்தில் விழும். நீர் காய்ந்த இடத்தில் எஞ்சும் தடமே நம்பத்தக்க சாட்சி. வெள்ளைச் சுண்ணப் படிவு, துருக்கோடு, கூலன்ற் கலந்திருப்பின் பச்சைக் கறை ஆகியவற்றைத் தேடி, அத்தடத்தின் மிக உயர்ந்த முனையைக் காண்டல் வேண்டும். அதற்கு முன் எஞ்சினிற் படிந்த எண்ணெயையும் செம்மண்ணையும் கழுவித் துடைத்தல் அவசியம்.

எஞ்சினை நிறுத்திய பின் வரும் சில நிமிடங்கள் கசிவைக் காண மிகவும் உகந்தவை. பம்பும் விசிறியும் நின்றுவிட, இரும்பிலுள்ள வெப்பம் நீருக்கு ஏறி, அழுத்தம் உச்சத்தை அடைவது அப்போதே. ஏ 9 வீதியிற் செல்வோர் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டியை நிறுத்துவது வழக்கம். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அவ்வேளையில் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தால், வீட்டு முற்றத்திற் காணாத கசிவு அங்கே வெளிப்படும். மூடியை மாத்திரம் தொடலாகாது.

முதலிற் பார்க்க வேண்டியது அம்மூடியையே. பழைய கார்களின் மூடி சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டது. 7 இறாத்தல் அழுத்தத்தில் நீர் 100 பாகையிற் கொதியாது ஏறக்குறைய 111 பாகையிலேயே கொதிக்கும். மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தாலோ வில் தளர்ந்திருந்தாலோ அந்தக் காப்பு நீங்கும்; நீர் ஆவியாகவே போய்விடும், தடமும் இராது. ஆயின் புதிய மூடி வாங்குவோர் அதன்மேற் பொறித்துள்ள எண்ணைப் படித்தல் வேண்டும். இக்கால யப்பானிய வண்டிகளுக்குரிய 0.9 என்னும் எண்ணுள்ள மூடி ஏறக்குறைய 13 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்குவது. அது பழைய கழுத்திற் பொருந்தினாலும், பழைய றேடியேற்றரின் ஈயப் பொருத்துக்களைப் பிளந்துவிடும். கசிவை நிறுத்தப் போய்க் கசிவை வருவிக்கும் செயலாக அது முடியும்.

அடுத்தவை றப்பர்க் குழாய்கள். வெளியே நன்றாகத் தோன்றும் குழாய் உள்ளே உரிந்திருத்தல் உண்டு. விரல்களால் அழுத்தும்போது நொறுநொறுவென்றாலோ, எண்ணெய் பட்டுச் சேறுபோல் இளகியிருந்தாலோ அது கழிக்கத்தக்கது. கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தைக் கண்ணாற் காண முடியாது. கையால் தடவிப் பார்த்தல் வேண்டும்.

மொறிஸ் மைனரின் 803, 948, 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களைப் பொறுத்தவரை, தண்ணீர்ப் பம்புக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையிலே விரல் நீளமுள்ள ஒரு சிறு குழாய் உண்டு. மினி காரிலும் இதே அமைப்பே. பலர் இக்குழாய் இருப்பதையே அறியார். நீர் குறைகின்றது, இடம் தெரியவில்லை என்று கராச்சுக்கு வரும் மைனர் கார்களில் முதலில் ஐயுறத்தக்கது இதுவே. சிறு கண்ணாடி ஒன்றைப் பிடித்து ரோர்ச் வெளிச்சத்தில் இதன் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். சாதாரணக் குழாயை இங்கு மாற்றுவதற்குப் பம்பைக் கழற்ற வேண்டும். மடிப்பு மடிப்பாகச் செய்யப்பட்ட குழாய் கிடைத்தால் அதனை அமுக்கிக் குறுக்கி இடையே நுழைத்துவிடலாம். எக்காரணத்துக்காகவேனும் பம்பு கழற்றப்படும்போது இக்குழாயையும் புதிதாக்கிவிடுதல் புத்தியுள்ள செயல்.

தண்ணீர்ப் பம்பின் அடியில், அச்சுக்குக் கீழே, ஒரு சிறு துவாரம் உண்டு. உள்ளேயுள்ள அடைப்பு தேய்ந்தால் நீர் அத்துவாரத்தின் வழியே வெளியேறி எச்சரிக்கை செய்யும். அதனைப் பசையிட்டு அடைப்போர் உளர். அவ்வாறு அடைத்தால் நீர் பெயரிங்குக்குட் சென்று, பம்பு முழுவதும் பாழாகி, விசிறி கழன்று றேடியேற்றரை வெட்டவுங் கூடும். விசிறியின் இதழைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கையில் ஆட்டம் இருந்தால் பம்பு மாற்றத்தக்கது.

எஞ்சின் பெட்டியின் பக்கங்களில் நாணயம் போன்ற வட்டத் தகடுகள் அடிக்கப்பட்டிருக்கும். வெறுந் தண்ணீரிலே பல ஆண்டு ஓடிய எஞ்சினில் இவை உள்ளிருந்து துருவேறி ஊசிமுனையளவு ஓட்டை கொள்ளும். போருக்குப் பின் மீட்கப்பட்ட வண்டிகளில் இது பெருவழக்கு. ஒரு தகடு கசிந்தால் ஏனையவையும் அதே வயதினவாதலின், எட்டக்கூடிய எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. குளிர் நாட்டுக்கெனச் சூடாக்கி பூட்டப்பட்ட கார்களில், முன்னிருக்கையின் காலடி விரிப்பு ஈரமாயிருக்கிறதா எனவும் பார்த்தல் வேண்டும். வன்னியில் அச்சூடாக்கிக்கு வேலையே இல்லை. அதற்குச் செல்லும் இரு குழாய்களையும் கழற்றி இணைத்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்தும் இடம் தெரியாவிடின் சைக்கிள் பம்பினாற் சோதிக்கலாம். கழித்த பழைய றேடியேற்றர் மூடி ஒன்றின் நடுவே துளையிட்டு, பழைய ரியூப் ஒன்றின் வால்வை இருபுறமும் றப்பர் வாசர் வைத்து இறுக்கிப் பொருத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் நீரை நிரப்பி இம்மூடியைப் பூட்டிச் சிறிது சிறிதாகக் காற்றடிக்க வேண்டும். மூடியில் குறித்த அழுத்தத்துக்கு மேல் ஏற்றலாகாது. 7 இறாத்தலுக்கு அதிகம் காற்று வேண்டியதில்லை, சில அடிகளே போதும். கால் மணி நேரம் விட்டுப் பார்த்தால் நீர் முத்து முத்தாக வெளிப்படும். எஞ்சின் ஓடாததால் விசிறிக் காற்றின் மயக்கமும் இல்லை, கை சுடும் அச்சமும் இல்லை.

உள்ளே கசியும் நீர்

காற்றழுத்தம் இறங்குகின்றது, வெளியில் ஒரு துளியும் இல்லை எனின் நீர் எஞ்சினுக்குள்ளே செல்கிறது. காரில் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, கைபிடியினால் எஞ்சினைச் சுழற்றினால், கசியும் சிலிண்டரின் துவாரத்திலிருந்து நீர் தெறிக்கும். பிளக்குகளைக் கழற்றாது எஞ்சினைச் சுழற்றலாகாது; சிலிண்டரில் நிறைந்த நீர் அமுங்காதாகையால் உள்ளேயுள்ள தண்டு வளைந்துவிடும்.

வேறு அறிகுறிகளும் உள. விசிறிப் பெல்ற்றைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டால், றேடியேற்றர்க் கழுத்தில் இடையறாது குமிழிகள் எழும். சூடான பின்னும் சைலன்சரில் வெண்புகை நில்லாது. எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் தோன்றும். எண்ணெயின் மட்டம் உயர்ந்திருத்தலும் ஓர் அறிகுறியே. ஆயின் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் வடிந்தும் மட்டம் உயரும் என்பதைத் தடைக் காலத்தில் வண்டி ஓட்டியோர் நன்கறிவர். நிறம் மாறாது மணம் மாறினால் மண்ணெண்ணெய். நிறம் வெளுத்தால் நீர்.

1946 முதல் 1956 வரை உற்பத்தியான பெர்குசன் ரி.ஈ. 20 உழவு இயந்திரத்துக்கு ஒரு தனிக் குறிப்பு வேண்டும். அதன் சிலிண்டர் உறைகள் நேரே நீரில் நிற்பவை. உறைகளின் அடியில் உள்ள, எட்டு என்னும் எண்ணின் வடிவமைந்த காஸ்கற் பழுதானால் நீர் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். புறத்தே எந்தத் தடமும் இராது. ஓரிரவு நிறுத்தி வைத்த இயந்திரத்தின் எண்ணெய் வடிக்கும் ஆணியைக் காலையில் மெல்லத் தளர்த்தினால், பாரமான நீரே எண்ணெய்க்கு முன் சொட்டும். அவ்வாறு சொட்டினால் அவ்வியந்திரத்தை அன்று உயிர்ப்பித்தலே கூடாது. நீர் கலந்த எண்ணெய் பெயரிங்குகளைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும்.

திருத்தும் முறை

குழாயையும் கிளிப்பையும் மாற்றுதல் கமக்காரர் தாமே செய்யத்தக்க வேலை. குழாய் ஏறும் உலோக வாயிலுள்ள துருவையும் பழைய றப்பரையும் சுரண்டி வழவழப்பாக்கிய பின்னரே புதிய குழாயை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் கசிவது குழாயன்று, அழுக்குப் படிந்த அவ்வாயே. கம்பியால் முறுக்கிக் கட்டுதல் றப்பரை வெட்டும்.

செம்பும் பித்தளையுமாகிய பழைய றேடியேற்றருக்கு ஈயப் பற்று வைக்கலாம். ஓரிரு குழல்கள் கெட்டிருந்தால் அவற்றின் இரு முனைகளையும் அடைத்துவிடலாம். பத்தில் ஒன்றுக்கு மேல் அடைபட்டால் பாரம் இழுக்கும் வண்டிக்கு அது போதாது. அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த புதுவகை றேடியேற்றரில் ஈயம் ஒட்டாது. அதனை மாற்றவே வேண்டும்.

காஸ்கற் மாற்றும்போது சிலிண்டர்த் தலையை நேர்கோல் வைத்துப் பார்க்காது மீண்டும் பூட்டுதல் இருமுறை செலவுக்கு வழி. நடுவிலிருந்து வெளிநோக்கிய ஒழுங்கில், கைந்நூலிற் கூறிய இறுக்கத்துக்கு, படிப்படியாக இறுக்கும் மெக்கானிக்கிடமே இவ்வேலையை ஒப்படைத்தல் வேண்டும்.

மஞ்சள் தூளைக் கரைத்து றேடியேற்றரில் ஊற்றுதல் வீதியோரத்தில் வழங்கும் வைத்தியம். ஊசித்துளை அதனால் அடைபட்டு வண்டி வீடு சேர்தல் உண்டு. அதே தூள் ஒடுக்கமான குழல்களையும் அடைக்கும் என்பதால், வீடு சேர்ந்தவுடன் முழுவதையும் கழுவி நீக்குதல் வேண்டும். இதனிலும் தீங்கற்ற வழி ஒன்று உண்டு. எஞ்சினை ஆறவிட்டு, நீரை நிரப்பி, மூடியை முதற் படியோடு நிறுத்தினால் அழுத்தம் ஏறாது, கசிவும் தணியும். மெதுவாக ஓட்டி, இடையிடையே நிறுத்தி நீர் பார்த்துக்கொண்டு ஊர் சேரலாம். வெந்த எஞ்சினிற் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

ஊற்றும் நீர்

வன்னியின் கிணற்று நீர் பல இடங்களிற் கடினமானது. கேத்திலின் உள்ளே படியும் வெண்காறல் எஞ்சினின் உள்ளேயும் படிகிறது. நாள்தோறும் புதுநீர் ஊற்றுவோர் நாள்தோறும் புதுக்காறலைச் சேர்க்கின்றனர். ஒழுகாத எஞ்சினில் அதே நீர் மாதக்கணக்காக நிற்பதால் காறல் ஒருமுறை படிந்து ஓய்ந்துவிடும். மாரியில், முதல் மழையில் கூரை கழுவுண்ட பின், துப்புரவான பாத்திரத்திற் பிடித்த மழைநீர் இதற்கு உகந்தது. கிருமிநாசினி இருந்த கான்களில் நீர் எடுத்தல் கூடாது. வழியில் தாகத்துக்கு யாரேனும் அதனைக் குடிக்கக்கூடும்.

மழைநீர் காறல் படிவிக்காதாயினும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே துரு தடுக்கும் கூலன்ற்றை, உறையில் கூறிய அளவில், அதனோடு கலத்தல் வேண்டும். எமது நாட்டில் நீர் உறைதல் இல்லையாகையால் கூலன்ற் வேண்டியதில்லை என்பது தவறான எண்ணம். இங்கே அதன் பயன் துருவைத் தடுத்தலும் கொதிநிலையை உயர்த்துதலுமாம். ஊற்றுமுன் பழைய நீரை வடித்து, றேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்து, கீழ்வாயினூடாக நீரைச் செலுத்திக் கழுவுதல் நன்று. கூலன்ற் வெறுந் தண்ணீர் புகாத நுண்ணிய வெடிப்பிலும் புகும். அதனால் ஊற்றிய சில நாட்களில் புதிய கசிவு தோன்றினால், அது கூலன்ற்றின் குற்றமன்று. முன்பே இருந்த வெடிப்பு நிறத்தோடு வெளிப்பட்டதேயாம்.

வடித்த கூலன்ற்றை வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ, மாடு கட்டும் இடத்திலோ ஊற்றலாகாது. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. நாயும் ஆடும் மாடும் அதனை விரும்பி நக்கும். சிறு அளவே உட்சென்றாலும் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். முதலிற் தள்ளாட்டமும், பின்னர் தேறியது போன்ற தோற்றமும் காணப்படுதலால் உரிமையாளர் ஏமாறுவர். கால்நடை அதனைக் குடித்ததாக ஐயமேற்பட்டால், தேறிவிட்டதென விட்டிராது, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். கூலன்ற் போத்தலையும் உடன் எடுத்துச் சென்று காட்டுதல் நன்று.